வீட்டிலிருந்தே வங்கிக் கணக்கு: வீடியோ கேஒய்சியில் தடுக்கி விழாமல் முடிப்பது எப்படி

கோவில்பட்டி அத்தைக்கு ஆன்லைனில் ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பித்துக் கொடுக்கலாம் என்று ஒரு நாள் காலையில் உட்கார்ந்தோம். படிவமெல்லாம் நான்தான் நிரப்பினேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்தது வீடியோ கேஒய்சி, அதாவது வங்கி ஊழியர் வீடியோ காலில் நம் அடையாளத்தைச் சரிபார்ப்பது. அதற்கு இருபது நிமிடம் வரிசையில் காத்திருந்தோம். ஒரு இளைஞர் திரையில் வந்து பான் கார்டைக் காட்டச் சொன்னார், அத்தை காட்டினார். "உங்க பிறந்த தேதி சொல்லுங்கம்மா" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் அந்த மைக் எதையும் விடாது போல. "பக்கத்துல யாரும்மா சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டார். "எங்க அண்ணன் மகன்தான் தம்பி" என்று அத்தை வெள்ளந்தியாகச் சொல்ல, கால் அத்தோடு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்தது.

அன்றைக்கு அந்த வங்கியைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அப்புறம்தான் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதிகளை எடுத்துப் படித்தேன். யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பது தெரிந்தால் விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அந்தப் பையன் தன் வேலையைத்தான் செய்திருக்கிறான், சொதப்பியது நான். அதற்குப் பிறகு வீட்டில், நண்பர்கள் வட்டாரத்தில் என்று ஏழெட்டு பேருக்கு உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டது இதுதான்: வீடியோ கால் பத்து நிமிட சமாச்சாரம், நாம் மாட்டிக்கொள்வது அதற்கு முந்தின நாள் பார்க்காமல் விட்ட விஷயங்களில். அதனால் இங்கே கால் பற்றிச் சொல்வதைவிட அதற்கு முந்தைய வேலைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

ஓடிபி கணக்கு அரைக் கணக்குதான்

"அஞ்சே நிமிஷத்துல கணக்கு" என்று விளம்பரம் வருகிறதே, அதில் இரண்டு வகை இருக்கிறது. இது தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் ஒரு வருடம் கழித்து "என் பணம் முடங்கிடுச்சு" என்று புலம்புகிறார்கள்.

முதல் வகை, ஆதார் ஓடிபியை மட்டும் வைத்துத் தொடங்குவது. ஆதார் எண்ணைப் போட்டால் போனுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டதும் கணக்கு எண் கையில். ஆனால் இப்படித் தொடங்கிய கணக்கில் எந்த நேரத்திலும் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது, ஒரு நிதியாண்டில் உள்ளே வரும் மொத்தப் பணம் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது, அதோடு ஆயுள் ஒரே ஒரு வருடம். அதற்குள் முழு அடையாளச் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் கணக்கை மூடிவிட வேண்டும் என்பது விதி. இந்த வகையில் ஒருவர் ஒரு கணக்குதான் வைத்திருக்க முடியும். வேறு வங்கியில் இதே முறையில் கணக்கு இல்லை என்று நீங்கள் உறுதிமொழியும் கொடுக்கிறீர்கள், நாம்தான் படிக்காமல் டிக் போட்டுவிடுகிறோம்.

மாதம் 25 ஆயிரம் சம்பளம் வருகிறவருக்கே ஒன்பது மாதத்தில் இந்த 2 லட்சம் தாண்டிவிடும். அதனால் சம்பளக் கணக்கு மாதிரி இதைப் பயன்படுத்த நினைத்தால் நடுவில் நிச்சயம் முட்டும்.

இரண்டாவது வகை, வீடியோ கேஒய்சி. 2020 ஜனவரி 9 அன்று ரிசர்வ் வங்கி இதை அனுமதித்தது. அடுத்த மூன்று மாதத்துக்குள் கொரோனா ஊரடங்கு வந்து, யாரும் கிளைக்குப் போக முடியாத நிலையில் இது நன்றாகப் பரவியது. 2021 மே மாதம் விதிகளைத் திருத்தி, இப்படி வீடியோவில் சரிபார்ப்பதும் நேரில் வந்து சரிபார்ப்பதும் ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டார்கள். ஆக வீடியோவை முடித்துவிட்டால் உங்களுடையது முழுக் கணக்கு, மேலே சொன்ன வரம்பு எதுவும் கிடையாது.

சில ஆப்களில் ஓடிபி முடிந்ததும் "வீடியோ கேஒய்சியைப் பிறகு செய்துகொள்ளலாம்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். பிறகு என்பது வரவே வராது.

எந்த வங்கி, எந்தக் கணக்கு

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். பார்க்க வேண்டியது குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணம் எவ்வளவு, உங்கள் ஊரில் கிளை இருக்கிறதா, இவ்வளவுதான். பெயர் திருத்தம், நாமினி சிக்கல், தொலைந்த கார்டு என்று எப்போதாவது ஒரு நாள் கிளைக்குப் போயே ஆக வேண்டியிருக்கும், அப்போது அறுபது கிலோமீட்டர் பஸ் ஏறிப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள்.

குறைந்தபட்ச இருப்புக்காக அபராதம் பிடிப்பதை ஸ்டேட் பேங்க் 2020-லேயே சேமிப்புக் கணக்குகளுக்கு நிறுத்திவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-ல் நிறுத்தின. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் உண்டு, 5 ஆயிரம் 10 ஆயிரம் என்று இருப்பு வைக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் மாதா மாதம் பிடித்தம். பூஜ்ய இருப்பு என்று விளம்பரம் செய்தாலும் அது அந்த ஒரு குறிப்பிட்ட கணக்கு வகைக்கு மட்டும்தானா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஆப்பில் நாலு வகை கணக்கு வரிசையாக வரும், முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அவர்களுக்கு லாபமானதாகத்தான் இருக்கும்.

வைப்புத்தொகைக்கான காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை, இது பெரிய வங்கி சிறிய வங்கி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆப் அழகாக இருக்கிறது என்பதற்காக ஒன்றில் சேராதீர்கள், அந்த ஆப்புக்குப் பின்னால் இருப்பது எந்த வங்கி என்று பாருங்கள். சில ஆப்கள் வங்கியே கிடையாது, வேறொரு வங்கிக்கு வாசல் மட்டும்தான்.

பெயர், நம்ம ஊர் தலைவலி

இதுதான் இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி.

வங்கியின் கணினி ஆதாரில் உள்ள பெயரையும் பானில் உள்ள பெயரையும் ஒப்பிடும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிற வடநாட்டுக்காரர்களுக்கு இதில் பெரிதாகப் பிரச்சினை இல்லை. நமக்கு இருப்பது இனிஷியல். முருகன் என்று ஒருவர், அப்பா பெயர் சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் 'முருகன் எஸ்' என்று இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எஸ். முருகன்'. பானில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் 'சுப்பிரமணியன் முருகன்' அல்லது 'முருகன் சுப்பிரமணியன்'. பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி. ஒரே மனுஷன், நாலு பெயர்.

உங்கள் பான் எண்ணில் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். நான்காவது எழுத்து 'பி' என்று இருக்கும், அது தனிநபர் என்பதற்கு. ஐந்தாவது, வருமான வரித் துறை உங்கள் குடும்பப் பெயர் என்று எதை நினைக்கிறதோ அதன் முதல் எழுத்து. நம்மில் பலருக்கு அது அப்பா பெயரின் முதல் எழுத்தாக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பான் எடுத்த பெண்களுக்குக் கணவர் பெயரின் எழுத்தாக இருக்கலாம். படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் எதைப் போடுவது என்று குழம்பினால் இந்த எழுத்து ஒரு நல்ல துப்பு.

இனிஷியலை அடுத்து ஆங்கில எழுத்துக்கூட்டல். லட்சுமிக்கு மூன்று விதம், தமிழ்ச்செல்விக்கு ழகரத்தால் நாலு விதம், செந்திலில் 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' உண்டா இல்லையா. ஓரெழுத்து வித்தியாசத்தைச் சில வங்கிகள் கண்டுகொள்வதில்லை, சில வங்கிகளின் கணினி அங்கேயே நின்றுவிடும். முன்கூட்டியே எது எப்படி என்று சொல்ல வழியில்லை.

அதனால் முந்தின நாளே செய்ய வேண்டியது: ஆதார், பான் இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், பிறந்த தேதி இரண்டையும் விரலை வைத்துப் படியுங்கள். பிறந்த தேதியில் என்ன வரப் போகிறது என்று நினைக்காதீர்கள். நம் அப்பா அம்மா தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டதுதான் பிறந்த தேதி, பாதி வகுப்பு மே, ஜூனில் பிறந்திருக்கும். ஆதார் எடுத்தபோது வாயால் சொன்னது வேறு தேதி. சிலருடைய ஆதாரில் வெறும் வருடம் மட்டும்தான் இருக்கும், நாளும் மாதமும் இருக்காது. அத்தைக்கு இரண்டிலும் ஒரே தேதிதான் இருந்தது, அவருக்குத்தான் அது தன் பிறந்த நாள் என்று தெரியவில்லை. "நான் பொறந்தது ஆடி அமாவாசைக்கு மூணாம் நாளு" என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு.

பெயர் ஒத்துவரவில்லை என்றால் எதை மாற்றுவது? என் அபிப்பிராயம், முதலில் பானை மாற்றப் பாருங்கள். நூறு ரூபாய்ச் சொச்சத்தில் ஆன்லைனிலேயே திருத்த விண்ணப்பம் போடலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், பிறந்த தேதியை ஒரு முறை. அந்த வாய்ப்பை ஒரு வங்கிக் கணக்குக்காக வீணடிக்க வேண்டாம். ஆதாரில் இருப்பதே தப்பு, மற்ற எல்லாவற்றிலும் சரியாக இருக்கிறது என்றால் மட்டும் ஆதார் மையத்துக்குப் போங்கள்.

அப்புறம் பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். 2023 ஜூன் 30-க்குள் இணைக்காதவர்களின் பான் செயலிழந்துவிட்டது, பிறகு இணைப்பவர்கள் 1000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. இணைந்திருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் லாகின் செய்யாமலேயே பார்க்கலாம், ஒரு நிமிடம்தான். பானே இல்லாதவர்கள் ஆதார் ஓடிபியை வைத்து அதே தளத்தில் இ-பான் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், வீடியோ கேஒய்சிக்கு அது போதும். ஏற்கெனவே பான் வைத்திருந்து கார்டு தொலைந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. இரண்டு பான் வைத்திருந்தால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம். அவர்கள் பழைய பானின் நகலைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது?

வீட்டில் வயதானவர்களுக்குச் செய்யும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆதார் எடுத்த காலத்தில் கொடுத்த நம்பர் மகனுடையதாக இருக்கும், அவர் இப்போது துபாயில் இருப்பார். அல்லது ரீசார்ஜ் செய்யாமல் போய் அந்த நம்பர் வேறு யாரிடமோ இருக்கும். இந்த இரண்டாவது நிலைமை ஆபத்தானது, உங்கள் ஆதார் ஓடிபி ஊர் பேர் தெரியாத ஒருவருக்குப் போகிறது என்று அர்த்தம்.

நம்பரை மாற்ற ஆதார் மையத்துக்குப் போகலாம், இல்லையென்றால் தபால்காரரிடம் சொல்லலாம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் மூலமாகத் தபால்காரர்கள் வீட்டுக்கே வந்து இதைச் செய்கிறார்கள், நிறைய பேருக்கு இது தெரியாது. மாற்றிய உடனே புது நம்பருக்கு ஓடிபி வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், சில நாள் பிடிக்கும். புது நம்பர் பதிவாகிவிட்டதா என்று ஆதார் தளத்தில் பார்த்த பிறகுதான் வங்கி ஆப்பைத் திறக்க வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் போய்ச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இருக்கிற தம்பி நல்லவராகவே இருக்கட்டும், அவசரத்துக்கு அவர் நம்பரையோ இமெயிலையோ போட விடாதீர்கள். கணக்கு முழுக்க அந்த நம்பரில்தான் தொங்கும்.

ஆப்பும் படிவமும்

ஆப்பை பிளே ஸ்டோரில் தேடி எடுப்பதைவிட வங்கியின் இணையதளத்துக்குப் போய் அங்கிருந்து எடுப்பது நல்லது. இப்போது இதற்கு ஒரு எளிய அடையாளம் வந்திருக்கிறது. எல்லா வங்கிகளும் தங்கள் இணையதள முகவரியை 'பேங்க் டாட் இன்' என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டும்தான் தரப்படுகிறது. முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள், வங்கிப் பெயருக்குப் பின்னால் வேறு ஏதேதோ ஒட்டியிருந்தால் வெளியே வந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் ஏபிகே கோப்பை (ஆப்பை நேரடியாகப் போனில் ஏற்றும் கோப்பு), வங்கி மேனேஜரே அனுப்பியதாகச் சொன்னாலும் தொடக் கூடாது.

படிவத்தில் போன் நம்பர், பான், ஆதார், ஓடிபி என்று போகும். ஆதார் சரிபார்த்ததும் பெயரும் முகவரியும் தானாக வந்து விழும். இப்போது இருக்கும் முகவரி வேறு என்றால் அதைக் குறிப்பிட ஒரு இடம் இருக்கும். சென்னையில் வாடகைக்கு இருந்துகொண்டு ஆதாரில் ஊர் முகவரி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் ஏடிஎம் கார்டு ஊருக்குப் போய்விடும். தற்போதைய முகவரிக்கு ஆதாரம் கேட்டால் காட்டுவதற்குக் கரண்ட் பில்லோ கேஸ் பில்லோ கைவசம் வைத்திருங்கள்.

தொழில், ஆண்டு வருமானம் என்று ஒரு பக்கம் வரும். பலரும் வாய்க்கு வந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் இங்கே போட்டதை வீடியோவில் உங்கள் வாயாலேயே உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி. படிவத்தில் 5 லட்சத்துக்கு மேல் என்று போட்டுவிட்டு, வீடியோவில் "வீட்ல சும்மாதான் இருக்கேன் சார்" என்றால் அங்கே ஒரு கேள்விக்குறி விழும். இல்லத்தரசி என்றால் இல்லத்தரசி, ஓய்வூதியம் என்றால் ஓய்வூதியம், உள்ளதைப் போடுங்கள்.

நாமினியை 'பிறகு' என்று தள்ளாதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போட வழி செய்திருக்கிறார்கள், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்துக் கொடுக்கலாம். கணவர் இறந்த பிறகு நாமினி இல்லாத கணக்கிலிருந்து பணம் எடுக்க வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து செருப்பு தேய்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வீடியோ கால்

சரி, இப்போது காலுக்கு வருவோம். வங்கி ஊழியர் ஒருவர் நேரலையில் வருவார். வார நாளில், வங்கி நேரத்தில், காலையிலேயே முயற்சி செய்தால் வரிசை குறைவாக இருக்கும் என்பது என் அனுபவம். ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு நேரம் வைத்திருக்கிறது, ஆப்பிலேயே போட்டிருப்பார்கள். மொழி தேர்வு செய்யச் சொன்னால் தயங்காமல் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, தெரியாத இந்தியில் தலையாட்டிக்கொண்டிருப்பதைவிட மேல்.

பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது: அசல் பான் கார்டு (ஜெராக்ஸைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்), ஆதார் கார்டு, கோடு போடாத வெள்ளைத் தாள், நீலமோ கறுப்போ பேனா, ஆதாரில் பதிவான சிம் உள்ள போன், அதில் ஐம்பது சதவீதமாவது சார்ஜ். கேமரா, மைக், இருப்பிடம் மூன்றுக்கும் அனுமதி கேட்கும், மூன்றையும் கொடுக்க வேண்டும். வழக்கமாக எந்த ஆப்புக்கும் இருப்பிடத்தைக் கொடுக்காதே என்று சொல்கிற ஆள் நான், இங்கே மட்டும் வேறு வழியில்லை. நீங்கள் இந்தியாவுக்குள் இருக்கிறீர்களா என்று இருப்பிடத்தை வைத்துப் பார்த்தாக வேண்டும் என்பது விதி.

இதனால்தான் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் ஆட்கள் அங்கிருந்தபடி இந்த வழியில் கணக்கு தொடங்க முடிவதில்லை. வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து வரும் கால் ஏற்கப்படாது. விபிஎன் (இணைய இணைப்பு வேறு இடத்திலிருந்து வருவதுபோல் காட்டும் மென்பொருள்) போட்டு ஏமாற்றலாம் என்று நினைக்காதீர்கள், போலி முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகள் தனி, அதன் நடைமுறையும் வேறு. ஊரில் இருக்கிறவர்களும் ஆபீஸ் லேப்டாப்பில் செய்யாதீர்கள். கம்பெனி விபிஎன் வழியாகப் போனால் நீங்கள் அம்பத்தூரில் இருந்தாலும் கணினி உங்களை வேறு எங்கோ காட்டும்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுப்பாகத் தெரியும். பான் கார்டு பளபளப்பானது, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்து எண்ணே தெரியாது. கார்டை மேல் பக்கமாக லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள், அந்தக் கோடு விலகிவிடும். விரல் எண்ணை மறைக்காமல் ஓரத்தில் இரண்டு விரலால் மட்டும் பிடிக்க வேண்டும். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் கேமரா மங்கும், ஒரு முழ தூரத்தில் தொடங்கி மெதுவாகக் கிட்டே கொண்டுவாருங்கள். முந்தின நாள் சும்மா செல்ஃபி கேமராவில் இதை இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டால் போதும். அத்தையை நான் இரண்டாவது முறைக்கு இப்படித்தான் தயார் செய்தேன்.

என்ன கேட்பார்கள்? பெயர், பிறந்த தேதி, அப்பா அல்லது அம்மா பெயர், என்ன வேலை, கணக்கு எதற்கு, இப்போது எங்கே இருக்கிறீர்கள், இந்த மாதிரிதான். வரிசையை மாற்றி மாற்றிக் கேட்பார்கள், திடீரென்று தலையைத் திருப்பச் சொல்வார்கள், கண் சிமிட்டச் சொல்வார்கள், கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவரச் சொல்வார்கள். முன்பே பதிவு செய்த வீடியோவை ஓட்டவில்லை, உயிருள்ள ஆள்தான் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள இந்த ஏற்பாடு. அதற்கிடையே உங்கள் முகத்தைப் படம் பிடித்து ஆதார் புகைப்படத்தோடு ஒப்பிடுவார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் எடுத்த ஆதார் படத்தில் நாம் யாரும் நம்மைப் போலவே இருப்பதில்லை. தாடி, மொட்டை, கண்ணாடி மாற்றம் எல்லாம் சிக்கல் கொடுக்கும். திருப்பதி போய் வந்த அடுத்த நாள் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கண் சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வது? அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்ட ஒரு பெண் இதே காரணத்தால் வங்கிக் கணக்கு தொடங்க முடியாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் வசதிகளை அணுகுவதும் வாழும் உரிமையின் ஒரு பகுதிதான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மாற்று வழிகளை வைக்கச் சொல்லி உத்தரவும் போட்டது. அதன் பிறகு ரிசர்வ் வங்கியும் விதியைத் திருத்தியது. எனவே பார்வைக் குறைபாடோ முகத்தில் பாதிப்போ உள்ளவர்கள் காலின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லி, வேறு முறையில் சரிபார்க்கச் சொல்லலாம், உங்களை அதைக் காரணம் காட்டி ஒதுக்க முடியாது.

கையெழுத்து: வெள்ளைத் தாளில் கேமராவுக்கு முன்னால் போடச் சொல்வார்கள். இதுதான் நாளைக்குச் செக்கில் ஒப்பிடப்படும் கையெழுத்து. அவசரத்தில் கிறுக்கிவிட்டுப் பின்னால் செக் திரும்பி வரும்போது வருத்தப்பட வேண்டாம், வழக்கமாகப் போடுவதையே போடுங்கள்.

யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று இல்லை, சொல்லிக் கொடுக்கத்தான் கூடாது. ஆனாலும் பேசாமல் வெளியே போய்விடுவது உத்தமம். இரண்டாவது முறை நான் அத்தையை முன்னறையில் உட்கார வைத்து, போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டேன். ஃபேன் சத்தம் இரைச்சலாகக் கேட்கிறது என்று சொன்னார்களாம், அத்தையே எழுந்து அணைத்திருக்கிறார். ஏழு நிமிடத்தில் முடிந்தது.

நடுவில் நெட் போய் கால் துண்டித்தால் பதறாதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார்கள், புதிதாக முதலிலிருந்துதான். படிவத்தை மறுபடி நிரப்ப வேண்டியிருக்காது, வீடியோ மட்டும்தான். வைஃபை சொதப்பினால் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிட்டு மறுபடி வரிசையில் நில்லுங்கள்.

அதற்குப் பிறகு

கால் முடிந்ததும் கணக்கு உடனே ஓடத் தொடங்காது. பதிவான வீடியோவை இன்னொருவர் தணிக்கை செய்த பிறகுதான் கணக்கைத் திறக்க வேண்டும். சில வங்கிகளில் அரை மணி நேரம், சிலவற்றில் இரண்டு நாள். இந்த இடைவெளியில் கஸ்டமர் கேருக்குப் பத்து முறை போன் செய்து பிரயோஜனம் இல்லை.

நிராகரித்துவிட்டால் காரணம் கேளுங்கள். யோசிக்காமல் எந்த விண்ணப்பத்தையும் தள்ளக் கூடாது, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் திருத்தத்தில் இருக்கிறது. வெளிச்சம் சரியில்லை, பான் தெரியவில்லை என்றால் மறுபடி முயலலாம். பெயர் பொருந்தவில்லை என்றால் எத்தனை முறை கால் செய்தாலும் அதே பதில்தான் வரும், போய்ப் பெயரைச் சரிசெய்யுங்கள், அல்லது கார்டுகளை எடுத்துக்கொண்டு கிளைக்கே போய்விடுங்கள். நேரில் ஒரு மேனேஜர் பார்த்துப் புரிந்துகொள்கிற இனிஷியலைக் கணினி புரிந்துகொள்ளாது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் பதியலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

கணக்கு வந்ததும் முதல் வேலையாக ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள், யுபிஐக்கும் ஆன்லைனுக்கும் உங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு வரம்பு வையுங்கள். அத்தைக்கு ஒரு நாளைக்கு 5 ஆயிரம் என்று வைத்திருக்கிறேன், அவர் கேட்டதே அவ்வளவுதான்.

ஏமாற்றுகிறவர்கள்

உண்மையான வீடியோ கேஒய்சி, நீங்கள் வங்கியின் ஆப்பிலோ தளத்திலோ போய்த் தொடங்குவது. வாட்ஸ்அப் வீடியோ காலில் யாரோ வந்து "கேஒய்சி காலாவதி ஆகிடுச்சு, இன்னைக்கு ராத்திரிக்குள்ள கணக்கு முடங்கிடும்" என்றால் அது கேஒய்சி அல்ல. திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றச் சொல்கிறவர், ஏடிஎம் பின்னைக் கேட்கிறவர், ஓடிபியை வாயால் சொல்லச் சொல்கிறவர் எவராக இருந்தாலும் காலைத் துண்டியுங்கள். ஆதார் ஓடிபியை நீங்களே திரையில் போடுவீர்கள், யாருக்கும் படித்துக் காட்ட மாட்டீர்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

கல்லூரிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள். "உன் பேர்ல ஆன்லைன்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் கொடு, சிம்மும் கார்டும் எங்கிட்ட இருக்கட்டும், மாசம் அஞ்சாயிரம் தர்றேன்" என்று யாராவது நண்பனின் நண்பன் வருவான். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும், போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளை வீட்டு வாசலில். வீடியோவில் முகம் காட்டி, பெயர் சொல்லி, கையெழுத்துப் போட்டுத் தொடங்கிய கணக்கு அது, எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று, தொடங்கிய கணக்கைக் கிடப்பில் போடாதீர்கள். இரண்டு வருடம் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை என்றால் அது செயல்படாத கணக்காகிவிடும். மறுபடி உயிர் கொடுக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதிதான், ஆனால் திரும்ப ஒரு கேஒய்சி உண்டு. அத்தை மாதா மாதம் கரண்ட் பில்லை அந்தக் கணக்கிலிருந்துதான் கட்டுகிறார்.